மூன்றாவது முடிச்சும் எட்டு கிரெடிட்டும்

சுள்ளிக்கல், மட்டாஞ்சேரி
ஏப்ரல் 26

சந்தனமாரி அவர்களுக்கு,

செல்வலட்சுமி எழுதுவது. வருகிற வைகாசியில் உங்கள் தம்பி செல்லதுரைக்குக் கழுத்தை நீட்டப் போகிறவள். பெயர் மறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெயரைச் சொல்லித்தான் போனில் அவ்வளவு சத்தம் போட்டீர்கள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டதாக உங்கள் தம்பி மென்று விழுங்கிச் சொன்னார். செய்துகொள்ளுங்கள். கோட்டயத்தில் நீங்கள் தங்கியிருக்கும் பல்கலைக்கழக விடுதிக்குத் தபால்காரர் வருவார், அவரை பிளாக் செய்ய முடியாது. துரை மூலமாகச் சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் வல்லார்பாடத்தில் நாற்பதடி கன்டெய்னர் லாரியைப் பின்னால் எடுத்துக் கோடு பிசகாமல் நிறுத்துகிற அந்த ஆள், உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வார்த்தையைக்கூட நேராகக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். "யாரைக் கேட்டு மே இருபத்தொண்ணுன்னு பத்திரிகை அடிச்சீங்க? அன்னைக்கு எனக்குப் பரீட்சைன்னு தெரிஞ்சுதான செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்டுத்தான் அடித்தோம். ஜோசியர் வைகாசி எட்டு என்று குறித்துக் கொடுத்த அன்றே எங்கள் அப்பா துரையிடம் சொன்னார். துரை உங்களிடம் சொன்னார். "நல்ல நாள், தாராளமா வைங்க" என்று நீங்களே சொன்னதாக வந்து சொன்னார். அதற்குப் பிறகுதான் மண்டபத்துக்குச் சொன்னோம், சமையலுக்குச் சொன்னோம், சங்கரன்கோவில் சொந்தங்களுக்கு ரயில் டிக்கெட் போட்டோம். இப்போது பரீட்சை என்றால் என்ன அர்த்தம்?

அர்த்தம் எனக்குத் தெரியும். நான் பாலஸ் ரோட்டில் இரண்டு மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள், பிளஸ் டூவோடு நின்றவள். நீங்கள் வெலிங்டன் தீவில் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் குஷன் நாற்காலியில் உட்காருகிறவர். தம்பிக்கு இந்தப் பெண் போதாது என்றால் நிச்சயத்தன்று எனக்குப் பூ வைக்க வந்தபோதே சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை இரண்டு முடிச்சு, மூன்றாவது நாத்தனார் என்பதுதான் உங்கள் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் முறை. அந்த நேரத்தில் நீங்கள் இல்லையென்றால் மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கூடப்பிறந்தவளுக்கே பிடிக்காத பெண் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுப் படியேற எனக்கு மனமில்லை.

நாத்தனார் சேலை எடுத்தாயிற்று. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். ஜாக்கெட்டை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன், நானே தைப்பேன். கோபம் வேறு, தொழில் வேறு. அளவுக்கு ஒரு ஜாக்கெட் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
செல்வலட்சுமி


மகளிர் விடுதி, கோட்டயம்
ஏப்ரல் 29

செல்வலட்சுமிக்கு,

உன் கடிதத்தைப் புள்ளியியல் வகுப்பில் மேஜைக்கு அடியில் வைத்துப் படித்தேன். இந்த வயதில் அதையும் செய்தாயிற்று. எனக்கு மலையாளம்தான் கை ஓடும். தமிழ் எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது. உனக்கு மலையாளம் படிக்க வராது என்பதால் மெனக்கெட்டுத் தமிழில் எழுதுகிறேன், அதையாவது நினைவில் வை.

முதலில் அந்தக் குஷன் நாற்காலியைப் பற்றிச் சொல்கிறேன். பி.காம். கடைசி வருஷத்தில் எங்கள் அப்பா போனார். இரண்டு தாள் பாக்கி இருந்தது. துரை அப்போது அரை டிரவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மறு மாதமே நான் தீவுக்கு வேலைக்குப் போனேன். ஏற்றுமதிப் பேப்பர் எல்லாம் என் கையில்தான் தயாராகின்றன. ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சீனியர் சீட்டுக்கு டிகிரி வேண்டும். மேனேஜர் ஒவ்வொரு வருஷமும் "சந்தனமாரி, டிகிரி மாத்ரம் கொண்டு வா, சீட்டு ரெடி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

போன மார்கழியில் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு போட்டது. என்னைப்போலப் பாதியில் விட்டவர்கள் கோடைக்காலக் குறும்படிப்பில் சேர்ந்து பாக்கி கிரெடிட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று. ஒரு படிப்புக்கு நாலு கிரெடிட். எனக்கு வேண்டியது எட்டு. பழைய மாணவர்களுக்கு இந்த ஒரு கோடை மட்டும்தான், பிறகு கதவை மூடிவிடுவார்கள். ஆபீஸில் கெஞ்சி லீவு வாங்கினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை.

இங்கே ஆறு மாதப் பாடத்தை மூன்று வாரத்தில் நம் தலையில் கொட்டுகிறார்கள். காலையில் ஒரு அத்தியாயம், மத்தியானம் ஒரு அத்தியாயம், சனிக்கிழமை டெஸ்ட். மின்விசிறி சுற்றுகிறதே தவிரக் காற்று வருவதில்லை. பக்கத்தில் அம்ருதா என்று ஒரு பெண், பத்தொன்பது வயது, வழக்கமான பரீட்சையில் கோட்டைவிட்டு மறுபடி எழுத வந்திருக்கிறாள். முதல் நாள் "சேச்சி ஏது காலேஜ்?" என்று கேட்டாள். "தீவு" என்றேன். அப்படி ஒரு காலேஜ் இருப்பதாக இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். வணிகச் சட்டம் நேற்று எழுதி முடித்தேன். மிச்சம் புள்ளியியல். அதன் பரீட்சை மே இருபத்தொன்று, காலை ஒன்பதரை.

துரை என்னிடம் சொன்னபோது கல்யாணம் இருபத்திரண்டு. பரீட்சைக்கு மறுநாள். அதனால்தான் தாராளமாக வையுங்கள் என்றேன். பத்திரிகையில் இருபத்தொன்று என்று வருகிறது. நடுவில் யார் மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்க முடியும். கல்யாணமாகாத மூத்தவள் தாலிக் கயிற்றைத் தொட வேண்டாம் என்று உங்கள் வீட்டில் யாரோ சொன்னதாக என் காதுக்கும் வந்தது. அப்படியென்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பஞ்சாங்கத்தைத் திருப்பி என்னை வெட்டிவிட வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் யாராவது பெரியம்மா மகள் இருந்தால் அவளே முடிச்சு போடட்டும். அளவு ஜாக்கெட் அனுப்புவதாக இல்லை.

சந்தனமாரி


சுள்ளிக்கல்
மே 3

சந்தனமாரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மிஷினை மூடிவிட்டு நேரே கூவப்பாடத்துக்கு, உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். கல்யாணத்துக்கு முன் மாமியார் வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது என்று எங்கள் சித்தி வாசல்வரை வந்து கத்தினாள். சண்டை போடத்தான் போகிறேன், விருந்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

உங்கள் அம்மா சாயா போட்டுக் கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் அடுக்களைச் சுவரில் மலையாளக் காலண்டர். மே மாதத்தில் ஒரு கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில் "துரை கல்யாணம்" என்று உங்கள் எழுத்து. வட்டம் இருபத்திரண்டில்தான் இருந்தது. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அத்தையைக் கேட்டேன். "அவதாம்மா குறிச்சா. துரை வந்து வைகாசி எட்டுன்னான். வைகாசின்னா இங்க இடவம். அவ இடவம் எட்டு எங்கன்னு தேடிப் பார்த்து வட்டம் போட்டா" என்றார்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து எங்கள் நாட்காட்டியைப் பார்த்தேன். மாமா சங்கரன்கோவிலிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் கொண்டுவருகிற தினசரிக் காலண்டர். அதில் வைகாசி எட்டு, மே இருபத்தொன்று. இந்த வருஷம் மலையாளத்தில் மாதம் ஒரு நாள் பிந்திப் பிறந்திருக்கிறது. உங்கள் வீட்டு எட்டும் எங்கள் வீட்டு எட்டும் ஒரே நாள் இல்லை. அப்பாவுக்குத் தெரியாது, ஜோசியருக்கு உங்கள் வீட்டுக் காலண்டர் தெரியாது, துரைக்கு எதுவுமே தெரியாது. சாயங்காலம் அவரைப் பிடித்து இரண்டு காலண்டரையும் முன்னால் வைத்தேன். அரைமணி நேரம் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "எட்டுன்னா எட்டுதானேன்னு நினைச்சேன்."

ஆக நீங்கள் பொய் சொல்லவில்லை. நாங்களும் மாற்றவில்லை. நான் முதல் கடிதத்தில் எழுதிய சில வார்த்தைகளை இப்போது எழுதமாட்டேன். இதற்கு மேல் இறங்கி வர எனக்கு வராது, நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. கல்யாணமாகாத மூத்தவள் என்று சொன்னது எங்கள் பேச்சியம்மாள் சித்திதான், மறைக்கவில்லை. உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் அவளுக்குப் பதில் சொன்னேன்: "சித்தி, அவங்க கல்யாணம் பண்ணிக்காம நின்னதாலதான் எனக்கு மாப்பிள்ளையா ஒரு ஆள் வளர்ந்து நிக்கான். அந்தக் கை தொடாம எந்தக் கை தொடும்?" அன்றிலிருந்து சித்தி என்னிடம் பேசுவதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

கல்யாண நாளை மாற்ற முடியுமா என்று அப்பா மண்டபத்தில் கேட்டார். மறுநாள் வேறொரு கல்யாணம், அதற்கு மறுநாளும் அப்படியே. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. உங்கள் பரீட்சையும் அதே நேரம். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அளவு ஜாக்கெட் வேண்டும்.

செல்வலட்சுமி


கோட்டயம்
மே 6

செல்வலட்சுமிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு விடுதிச் சமையலறைக்குப் போய் அங்கே தொங்குகிற காலண்டரைப் பார்த்தேன். இடவம் எட்டு, இருபத்திரண்டு. ஒரு தேதி பிசகினால் கப்பல் போய்விடும் என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் தம்பி கல்யாணத் தேதியைச் சரிபார்க்கவில்லை. ஆங்கிலத் தேதி என்ன என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்ருதா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உன் சித்தியிடம் நீ சொன்னதைப் படித்தபோது கண் நிறைந்துவிட்டது. என் சார்பில் யாரும் இப்படிப் பேசியதில்லை. எனக்காக நானே பேசிக்கொள்வதுதான் வழக்கம். அதனால்தான் குரலும் கொஞ்சம் சத்தமாகிவிட்டது.

வணிகச் சட்டம் ரிசல்ட் வந்தது. ஏ கிரேடு. வகுப்பில் மூன்றே பேருக்கு. இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன், அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. நாலு கிரெடிட் கைக்கு வந்தாயிற்று.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். நன்றாக யோசித்துவிட்டேன். புள்ளியியல் பரீட்சை எழுதப் போவதில்லை. இருபதாம் தேதி சாயங்காலமே வந்துவிடுகிறேன். அந்தக் கண்ணாடிக் கதவு இத்தனை வருஷம் மூடித்தான் இருந்தது, இனியும் இருக்கட்டும். துரைக்கு ஒரு கல்யாணம்தான், உனக்கும் ஒன்றுதான். நான் இல்லாத நேரத்தில் உன் முகத்தை மண்டபம் முழுக்கப் பார்க்க விடமாட்டேன். இதைத் தியாகம் என்று யாராவது பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். என் தம்பி கல்யாணத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது, அதில் வந்து நிற்கப் போகிறேன், அவ்வளவுதான்.

நீ இதைத் துரையிடம் சொல்லாதே. அழுவான். லாரி ஓட்டுகிறவன்.

சந்தனமாரி


சுள்ளிக்கல்
மே 9

மதினி,

இனி உங்களை இப்படித்தான் கூப்பிடுவேன். திட்டப் போகிறபோது அவர்கள் இவர்கள் என்று மரியாதை போட்டால் வாய் தடுக்குகிறது.

பரீட்சையை விட்டுவிட்டு வந்தீர்கள் என்றால் என் கழுத்தை உங்களுக்குக் காட்டமாட்டேன். மண்டபத்து வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். சும்மா எழுதவில்லை, செய்வேன், என்னைப் பற்றித் துரையைக் கேளுங்கள்.

என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஏ கிரேடு வாங்கிய கையோடு கதவைச் சாத்திவிட்டு வருவீர்களாம், நான் பட்டுச்சேலையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நீங்கள் ஒருநாளும் சொல்லிக்காட்டமாட்டீர்கள், தெரியும். ஆனால் ஒவ்வொரு காலையும் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு தீவுக்குப் போட் பிடிக்க ஓடுவதை நான் வாசலில் நின்று பார்க்க வேண்டும். அதே நாற்காலிக்கு, என் கல்யாணத்தால். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு கவளம் சோறு தின்ன முடியாது. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கோயிலில் ஐயரைப் போய்க் கேட்டேன். முகூர்த்தத்துக்குள் தாலி ஏற வேண்டும், மாப்பிள்ளை முடிச்சு போட வேண்டும். அதோடு சாஸ்திரம் முடிந்தது என்றார். "மூணாவது முடிச்சு உங்க ரெண்டு குடும்பத்துக்குள்ள இருக்கிற சமாச்சாரம். அதுக்கு நான் நேரம் குறிச்சுத் தரல, குறிக்கவும் மாட்டேன்" என்று கையை விரித்தார். அது போதும் எனக்கு.

துரை இரண்டு முடிச்சு போடுவார். மூன்றாவது உங்களுக்காக நிற்கும். நீங்கள் பரீட்சை எழுதிவிட்டு பஸ் பிடித்து வாருங்கள். எந்நேரம் ஆனாலும் சரி. நான் மண்டபத்தை விட்டு இறங்கமாட்டேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சித்தி மௌனத்தைக் கலைத்தாள். "அரைத் தாலியோட பந்தியில உக்காருவாளாம்! ஊரு சிரிக்கும்ட்டி!" என்றாள். "சிரிக்கட்டும் சித்தி, கல்யாண வீடுதான, அழுதாத்தான் தப்பு" என்றேன். அப்பா, "அந்தப் பிள்ள பாஸாயிருமா?" என்று மட்டும் கேட்டார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நிபந்தனை. கல்யாண நினைப்பில் பாதியில் எழுந்து ஓடிவரக் கூடாது. கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்து எழுத வேண்டும். மணிக்கு முன்னால் எழுந்தீர்கள் என்று எனக்குத் தெரிந்தால் அப்போதும் கழுத்து கிடைக்காது.

அளவு ஜாக்கெட். இது கடைசித் தடவை கேட்பது. இன்னும் அனுப்பாவிட்டால் நிச்சயத்தன்று பார்த்ததை வைத்துக் குத்துமதிப்பாகத் தைப்பேன். கை பிடித்தால் என்னைச் சொல்லக் கூடாது.

செல்வலட்சுமி


கோட்டயம்
மே 13

லட்சுமி,

ஜாக்கெட் இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். வருஷக்கணக்காக ஒரே பக்கம் பை மாட்டியதால் வந்தது. பார்த்துத் தை.

உன் நம்பரை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் நீ கூப்பிடுவாய், நான் அழுவேன், அன்றைய பாடம் போய்விடும். இருபத்தொன்றுவரை பொறுத்துக்கொள்.

புள்ளியியல் எனக்குச் சட்டம் மாதிரி வசப்படவில்லை. சங்கர்ராம் சார் நல்லவர், பாலக்காட்டுக்காரர், எனக்குப் புரியவில்லை என்றால் மலையாளத்தை விட்டுவிட்டு அவருடைய தமிழில் சொல்லித்தருவார். "இத பாருங்கோ, கணக்கு உங்கள ஒண்ணும் பண்ணாது, நீங்கதான் அதைப் பண்ணணும்" என்பார். சனிக்கிழமை டெஸ்ட்டில் பாதிதான் வந்தது. பயமாக இருக்கிறது. நீ அங்கே இரண்டு முடிச்சோடு உட்கார்ந்திருக்க, நான் இங்கே தோற்றுவிட்டு வந்தால் அந்த முகத்தை எங்கே வைப்பேன் என்று தெரியவில்லை.

எழுதுகிறேன். மணி அடிக்கும்வரை.

சந்தனமாரி


கூவப்பாடம்
மே 25

மதினி,

பார்த்தீர்களா, மேலே முகவரி மாறிவிட்டது. உங்கள் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். விடிந்தால் புள்ளியியலுக்கு வாய்மொழித் தேர்வு, ரிசல்ட் வரும்வரை அங்கேதான் இருக்க வேண்டும் என்று கல்யாணத்தன்று இரவே நீங்கள் கோட்டயத்துக்கு பஸ் ஏறிவிட்டீர்கள். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசவே இல்லை. நீங்கள் வருவதற்கு முன் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மேளம் கொட்டி, துரை இரண்டு முடிச்சு போட்டார். வழக்கத்தில் அப்போது நீங்கள் பின்னால் நிற்க வேண்டும். அந்த இடம் காலி. மண்டபம் முழுக்க ஒரு சலசலப்பு. சித்தி அதற்காகவே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் போல, எழுந்து வந்து, "ஏட்டி, ஆயாச்சுல்லா, நானே ஒண்ணு போட்டுருதேன், யாருக்குத் தெரியப்போவுது?" என்று கையை நீட்டினாள். நான் தலையைத் திருப்பவே இல்லை. துரை சொன்னார், மதினி. உங்கள் தம்பிதான் சொன்னார், மைக் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல். "எங்க அக்கா பரீட்சை எழுதிட்டிருக்கு. வந்து போடும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது." மண்டபம் முழுக்கக் கேட்டது. நீங்கள் ஊட்டி வளர்த்த பிள்ளை முதல்முறையாக ஒரு வார்த்தையை நேராகக் கொண்டுவந்து சேர்த்தார். எனக்கு அந்த நிமிஷம்தான் கல்யாணமே நடந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஒரே கூத்து. யார் வந்து ஆசீர்வாதம் செய்தாலும், "நாத்தனார் எத்தனை மணிக்கு வருது? என்ன பரீட்சை?" என்பதுதான் பேச்சு. பின்னாலிருந்து யாரும் முடிச்சு போட்டுவிடக் கூடாதென்று பந்தியில் நான் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பாடு முடிந்தும் சொந்தக்காரர்கள் கிளம்பவில்லை. ரயிலை விட்டாலும் பரவாயில்லை, முடிச்சைப் பார்க்காமல் போவதில்லை என்று வெற்றிலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா வாசலுக்கும் மேடைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

நீங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தீர்களே, கசங்கிய சுடிதார், தோளில் பை, கழுத்தில் வேர்வை. சேலை மாற்றிவிட்டு வருகிறேன் என்றீர்கள். நான் விடவில்லை. முதலில் முடிச்சு, பிறகு சேலை. "மணி அடிச்சதா?" என்று கேட்டேன். "அடிச்சபிறகுதாம்மா எந்திரிச்சேன்" என்றீர்கள். அப்போதுதான் குனிந்தேன். நீங்கள் போட்ட முடிச்சு இறுக்கம், மதினி. கழுத்து வலித்தது. மேளக்காரர்கள் சாயா குடிக்கப் போயிருந்தார்கள், அவர்களை யாரும் கூப்பிடவில்லை, சனம் தானாகக் கை தட்டியது. கல்யாணத்தில் கைதட்டலை நான் எங்கேயும் கேட்டதில்லை.

நீங்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் விரலெல்லாம் பேனா மை. மஞ்சள் ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டு மூன்றாவது முடிச்சு மட்டும் நீலமாக இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டுப் பதறினாள். புதுக் கயிறு வாங்கி நல்ல நாள் பார்த்து மாற்றிவிடலாம் என்கிறாள். அத்தையும் அதையே சொல்கிறார்கள். நான் முடியாது என்றுவிட்டேன். உங்கள் ரிசல்ட் வரும்வரை இந்தக் கயிறுதான் என் கழுத்தில் கிடக்கும். கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் இது என்ன நீலம் என்று கேட்கிறார்கள். தலைமுடியை ஒதுக்கி நன்றாகக் காட்டுகிறேன். "எங்க மதினி பரீட்சை எழுதின கையோட வந்து போட்டது" என்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா? ஆரி வேலை செய்த என் கல்யாண ஜாக்கெட்டைக்கூட இவ்வளவு காட்டியதில்லை.

போட்டோ வந்திருக்கிறது. மாம்பழ மஞ்சளில் நீங்கள் ராணி மாதிரி நிற்கிறீர்கள். இடது தோள் இறக்கம் தெரிகிறதா என்று உற்றுப் பாருங்கள். தெரியாது.

சித்தி ஊருக்குப் போகும்போது என் காதில் கேட்டாள்: "அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு மார்க்கு வரும்?"

லட்சுமி


கோட்டயம்
ஜூன் 8

லட்சுமி,

உன் நம்பரை அன்று மண்டபத்திலேயே திறந்துவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. சண்டையைத் தபாலில் போட்டோம், இதுவும் தபாலில்தான் வர வேண்டும். நாளை மறுநாள் நானே வருகிறேன், அதற்கு முன் கடிதம் வந்துவிடும்.

அன்று பரீட்சை ஹாலில் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. மணி அடிக்க இன்னும் நிறைய நேரம் இருக்கும்போதே எழுதி முடித்துவிட்டேன். தெரிந்ததை எழுதியாயிற்று, தெரியாததை விட்டாயிற்று. ஜன்னல் வழியே பார்த்தால் கேட்டுக்கு வெளியே எர்ணாகுளம் பஸ் நிற்கிறது. பேப்பரைக் கொடுத்துவிட்டு ஓடினால் பிடித்துவிடலாம். பாதி எழுந்தும்விட்டேன். சங்கர்ராம் சார்தான் கண்காணிப்பு. "என்ன, ஆச்சா?" என்றார். ஆயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். உன் நிபந்தனை ஞாபகம் வந்தது. "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பஸ் என் கண் முன்னாலேயே போயிற்று. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் முதல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பெரிய கணக்கு ஒன்றில் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கி வைத்திருக்கிறேன். விடை எங்கேயோ போய் நிற்கிறது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அடித்துவிட்டு மறுபடி முழுதும் போட்டேன். பேனா கக்கியது, விரலைத் துடைக்கக்கூட நேரமில்லை. கடைசி வரியை எழுதியபோது மணி அடித்தது. உன் கழுத்தில் இருப்பது அந்த மைதான்.

இன்று ரிசல்ட் வந்தது. புள்ளியியலில் சி கிரேடு. அந்த ஒரு கணக்கு போயிருந்தால் தேறியிருக்கமாட்டேன் என்று சார் சொன்னார். எட்டு கிரெடிட்டும் என் பேரில் ஏறிவிட்டது. அம்ருதாவும் பாஸ். தீவில் எந்தக் காலேஜ் என்று அவளுக்கு இன்று உண்மையைச் சொன்னேன், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மேனேஜரைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "சீட்டு ரெடி" என்றார்.

உன் அப்பாவிடம் அந்தப் பிள்ளை பாஸாகிவிட்டது என்று சொல். சித்திக்கும் மார்க்கைத் தெரியப்படுத்து.

இனிக் கயிற்றை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நான் வந்தபிறகு மாற்று. முதல் இரண்டு முடிச்சைத் துரை போடட்டும். மூன்றாவதை யாரும் தொடக் கூடாது.

சந்தனமாரி, பி.காம்.